அப்பாவின் ராலே, புல்வெட்டி எஞ்சின், எட்டு மாதம்

போன சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு, புல்வெட்டி எஞ்சின் மாட்டிய அப்பாவின் பழைய ராலே சைக்கிளில், சித்தப்பாவின் செம்பனைக் (எண்ணெய்ப்பனை) காட்டுக்குள் போகும் செம்மண் பாதையில் கேட்டிலிருந்து ஆற்றோரம் வரை போய்த் திரும்பி வந்தேன். போக வர 4.2 கிலோமீட்டர். பெல்ட் வழுக்கவில்லை, செயின் கழலவில்லை, எஞ்சினைத் தாங்கும் பிளேட் விரிசல் விடவில்லை. இறங்கி முதல் வேலையாக, பெல்ட் ஓடும் சின்னச் சக்கரமான சின்னப் புல்லியைத் தொட்டுப் பார்த்தேன். கை வைக்க முடிகிற சூடுதான். இந்த எட்டு மாத வேலையில், பெல்ட் போட்ட நாளிலிருந்து சனிக்கிழமைதோறும் அந்தப் புல்லி என் விரலைச் சுட்டிருக்கிறது. அதனால்தான் இன்று உட்கார்ந்து எல்லாவற்றையும் வரிசையாக எழுதி வைக்கிறேன். இங்கே மலேசியாவில் சுங்கை சிப்புட்டிலோ வேறு எந்தத் தோட்டப் பட்டணத்திலோ இன்னொருவர் இதே வேலையில் இறங்கினால், நான் செலவழித்த நாலு மாதமாவது அவருக்கு மிச்சமாகட்டும்.

நான் போமென், அதாவது மெக்கானிக், இல்லை. பள்ளிப் பேருந்து ஓட்டுகிறேன். வீட்டுக்குப் பின்னால் ஜிங் போட்ட கொட்டகை ஒன்று இருக்கிறது. அதில் கையில் பிடிக்கும் கிரைண்டர், துளையிடும் மெஷின், ஒரு வைஸ், ஸ்பேனர் செட், 150 மி.மீ. வெர்னியர். வெல்டிங் மெஷின் கிடையாது. வெல்டிங்கும் லேத்து வேலையும் வெளியேதான்.

சைக்கிள் அப்பாவுடையது. 28 அங்குலச் சக்கரம் போட்ட ராலே, கம்பி பிரேக். 1974-ல் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டும்போது பழையதாக வாங்கியது. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கும் வெட்டுக்காட்டுக்கும் பால் ஸ்டோருக்கும் அதில்தான் போய் வந்தார். கித்தா (ரப்பர்) போய்ச் செம்பனை வந்தது, தோட்டத்து லயத்து வீட்டை விட்டு நாங்கள் தாமானுக்கு (குடியிருப்புப் பகுதிக்கு) வந்தோம், சைக்கிளும் கூடவே வந்துவிட்டது. எஞ்சின் மாட்டப் போகிறேன் என்றதும் அப்பா ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

“ஃப்ரேமுல ஓட்ட போடக் கூடாது. வெல்டிங்கும் வைக்கக் கூடாது. நாளைக்கே கழட்டுனா பழைய சைக்கிளா இருக்கணும்.”

முழு வேலையையும் வடிவமைத்தது அந்த ஒரு வாக்கியம்தான். எஞ்சின், தண்டு, பெல்ட்டை இறுக்கும் டென்ஷன் புல்லி எல்லாமே யூ-போல்ட்டில் கவ்விக்கொண்டுதான் நிற்க வேண்டும் என்று அன்றே முடிவாகிவிட்டது.

எஞ்சினுக்கு அலையவில்லை. சாலையோரம் புல் வெட்டும் குத்தகைக்காரர் ஒருவரிடம் தண்டு வளைந்துபோன மெஷின் கிடந்தது. அதன்மேல் லாரி ஏறிவிட்டது. 80 வெள்ளிக்கு (ரிங்கிட்) கொடுத்தார். ஹோண்டா ஜிஎக்ஸ்35. 35.8 சிசி, நான்கு ஸ்ட்ரோக், சிலிண்டர் விட்டம் 39 மி.மீ., பிஸ்டன் ஓட்டம் 30 மி.மீ., 1.3 குதிரைத்திறன். எடை மூன்றரைக் கிலோவுக்குள் அடங்கும்.

கயிற்றை இழுத்தால் கம்பிரெஷன் நன்றாக இருந்தது, ஆனால் ஸ்டார்ட் ஆகவில்லை. டேங்கைத் திறந்து முகர்ந்ததும் காரணத்தில் பாதி தெரிந்துவிட்டது. டூ-ஸ்ட்ரோக் எண்ணெய் கலந்த பெட்ரோலை ஊற்றி ஓட்டியிருக்கிறார்கள். பக்கத்தில் டூ-ஸ்ட்ரோக் மெஷின்களும் இருக்கிற இடத்தில் இது நடக்கும். பிளக் முழுக்கக் கரி. புது சிஎம்ஆர்5ஹெச் பிளக் வாங்கி, இடைவெளியை 0.7 மி.மீ. வைத்தேன். கார்புரேட்டருக்குள் இருக்கும் மெல்லிய சவ்வு விறைத்து, காய்ந்த வெற்றிலை மாதிரி இருந்தது. அதற்கான கிட் வாங்கி மாற்றினேன். நாலாவது இழுப்பில் உயிர் வந்தது.

முதல் தவறும் அன்றே நடந்தது. இந்த எஞ்சினுக்கு மொத்த எண்ணெய்க் கொள்ளளவே 100 மில்லி. ஒரு சின்னத் தேநீர்க் கோப்பையில் முக்கால்வாசிதான் வரும். பேருந்துக்கு எண்ணெய் ஊற்றிப் பழகிய கை, பாட்டிலைச் சாய்த்ததில் கண்ணளவாக ஊற்றிவிட்டது. வெள்ளைப் புகை கொட்டகையை நிறைத்தது, ஏர் பில்டர் எண்ணெயில் ஊறிப்போனது. எல்லாவற்றையும் வடித்துக் கழுவி, மருந்துக் கடையில் 50 மில்லி சிரிஞ்ச் வாங்கி, அளந்து இரண்டு முறை ஊற்றினேன். அந்த சிரிஞ்சை இன்றும் எஞ்சினுக்காகவே தனியாக வைத்திருக்கிறேன். எஞ்சின் மட்டமாக நிற்கும்போது அளவு பார்க்க வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சைக்கிளில் சாய்த்து மாட்டிவிட்டு அளவு பார்த்தால் பொய் சொல்லும்.

அடுத்து, எஞ்சினின் வேகத்தைச் சக்கரத்துக்கு எப்படிக் கொண்டுபோவது. இங்கேதான் மூன்று மாதம் போனது.

எனக்கு எளிதாகத் தெரிந்தது உருளை முறை. எஞ்சின் வேகமெடுத்ததும் கூடவே சுற்றும் கிளட்ச் டிரம்மில் ஒரு சின்ன இரும்பு உருளையை மாட்டி, அதைப் பின் டயர்மேல் அழுத்தினால் போதும். பல்சக்கரம் வேண்டாம், செயின் வேண்டாம். பிரான்சில் 1946-லிருந்து விற்ற வெலோசொலெக்ஸ் இப்படித்தான் முன் டயரை உருட்டி ஓடியது. ஈப்போவில் ஒரு லேத்துப் பட்டறையில் 38 மி.மீ. விட்டத்தில் உருளை கடைந்து, மேல் பரப்பில் சொரசொரப்பும் போட்டு வாங்கினேன். 35 வெள்ளி. கேரியருக்குக் கீழே எஞ்சினை மாட்டினேன். உருளை டயரைத் தொடும்போது சுழற்சி தலைகீழாக மாறும் என்பதை மட்டும் சரியாக யோசித்திருந்தேன். கிளட்ச் பக்கத்திலிருந்து பார்த்தால் எஞ்சின் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுற்றும். அதனால் கிளட்ச் வலது பக்கம் பார்க்கும்படி வைத்தேன்.

காய்ந்த சிமெண்ட் தரையில் ஓடியது. ஆனால் மிதித்து மிதித்துத் தள்ளினால்தான் ஓடியது. சின்ன மேடு வந்தால் எஞ்சின் திணறி, கிளட்ச்சிலிருந்து கருகிய வாடை வரும். கழற்றிப் பார்த்தால் டிரம் நீலம் பாய்ந்திருந்தது. எஞ்சினுக்குப் பலம் போதவில்லை என்று நினைத்து, 52 சிசி எஞ்சின் ஒன்றுக்கு விலை விசாரிக்கும் அளவுக்குப் போய்விட்டேன்.

நல்ல வேளை, வாங்குவதற்கு முன் நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். சக்கரத்தின் விட்டம் சுமார் 711 மி.மீ. அதை 38-ஆல் வகுத்தால் 18.7. எஞ்சின் நிமிடத்துக்கு 7000 சுற்று சுற்றும்போது சக்கரம் 374 சுற்று. ஒரு சுற்றுக்கு 2.23 மீட்டர். மணிக்கு 50 கிலோமீட்டர் வருகிறது. 82 கிலோ ஆளை ஏற்றிக்கொண்டு 1.3 குதிரைத்திறன் அந்த வேகத்துக்குப் போகப் பார்த்தால் திணறாமல் என்ன செய்யும்? மோட்டார் சைக்கிளில் நாலாவது கியரில் புறப்படுவது மாதிரி. எஞ்சின் மேல் ஒரு குற்றமும் இல்லை. எனக்கு வேண்டியது மணிக்கு 25 கிலோமீட்டர். அதற்கு முப்பதுக்கு ஒன்று என்ற கணக்கிலாவது குறைக்க வேண்டும். உருளையிலேயே அதைச் செய்ய வேண்டுமென்றால் விட்டம் 24 மி.மீ. இருக்க வேண்டும். அவ்வளவு சின்ன உருளை டயரைக் கத்தி மாதிரி அறுக்கும்.

அந்தச் சோதனைக்கும் அவசியமில்லாமல் மழை வந்தது. செம்மண் சேறு டயரில் ஒட்டியதும் உருளை சும்மா சுற்றியது. சும்மா சுற்றிக்கொண்டே ரப்பரைத் தின்றது. மூன்று வாரத்தில் 45 வெள்ளி டயரின் நடுப்பகுதியில் நூல் தெரிந்தது.

இதற்குப் பிறகுதான் ஹோண்டாவின் கதையைப் படித்தேன். 1946-ல் ஹமாமாட்சுவில் சோய்ச்சிரோ ஹோண்டா, போரில் ராணுவ வானொலிக் கருவிகளுக்கு மின்சாரம் கொடுத்த சின்ன எஞ்சின்கள் மிச்சமாகக் கிடந்ததை எடுத்து சைக்கிளில் மாட்டினார். பெட்ரோல் டேங்குக்கு முதலில் அவர் பயன்படுத்தியது குளிர்காலத்தில் படுக்கையில் வைக்கும் வெந்நீர்க் குடுவை. அவரும் முதலில் டயரை உருளையால் உருட்டித்தான் பார்த்தார், டயர் தாங்கவில்லை. பிறகு பின் சக்கரத்துக்கு வி-பெல்ட் போட்டார். அதைப் படித்தபோது நான் தேய்த்து வீணாக்கிய டயர் கொட்டகைச் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. அன்றே பெல்ட் என்று முடிவு செய்தேன். பழங்காலத் தோற்றத்துக்கும் பெல்ட்தான் அழகு.

ஒரே பெல்ட்டில் முப்பது மடங்கு குறைக்க முடியாது. அதனால் இரண்டு கட்டம். முதல் கட்டம் செயின்: எஞ்சின் பக்கம் 11 பல், நடுத் தண்டில் 44 பல், ஆக நான்கு மடங்கு. குட்டி மோட்டார் சைக்கிள்களுக்கு வரும் 25ஹெச் செயின் போதும். இரண்டாம் கட்டம் பெல்ட்: நடுத் தண்டில் 63 மி.மீ. புல்லி, பின் சக்கரத்தில் பெரிய வளையம்.

பெரிய வளையத்துக்குக் காசு கொட்டத் தேவையில்லை. பழைய 24 அங்குல அலுமினிய ரிம் ஒன்றை, கம்பிகளை எல்லாம் கழற்றிவிட்டு, 28 அங்குலச் சக்கரத்தின் இடது பக்கக் கம்பிகள்மேல் கவ்வ வைத்தால் அதுவே புல்லி. பெசி புருக் கடையில், அதாவது பழைய இரும்புக் கடையில், 15 வெள்ளி. ஆங்கிலேயர் காலத்துச் சைக்கிள்களில் பின் சக்கரத்துக்கு 40 கம்பி, முன் சக்கரத்துக்கு 32. பின் சக்கரத்தின் இடது பக்கம் இருபது கம்பி. இரண்டு கம்பிக்கு ஒன்று என்று பத்து அலுமினியப் பிடிகள் வெட்டினேன். 20 மி.மீ. அகலம், 3 மி.மீ. தடிமன், எம்5 போல்ட், பூட்டும் நட். கம்பி நசுங்காமல் இருக்க உள்ளே சைக்கிள் டியூப் துண்டு.

இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். முதலில் பிளாஸ்டிக் கட்டுப்பட்டையால் வளையத்தை லேசாகக் கட்டி, செயின் ஸ்டேயில் (பின் சக்கரத்தின் ஓரமாக அச்சு வரை போகும் ஃப்ரேம் குழாய்) ஒரு பேனாவைக் கட்டி, சக்கரத்தைச் சுற்றவிட்டுப் பார்த்தேன். பக்கவாட்டில் ஆறு மி.மீ. ஆடியது, மேலும் கீழும் நாலு. ஒவ்வொரு பிடியாக இறுக்கி, தளர்த்தி, வாஷர் கூட்டிக் குறைத்து, இரண்டு சனிக்கிழமை உட்கார்ந்து ஒன்றரை மி.மீ.-க்குக் கொண்டுவந்தேன். மொத்த வேலையிலும் எனக்குப் பிடித்த பகுதி இதுதான். பேனா முனை வளையத்தை ஒரே சீராக உரசும் சத்தம் கேட்டதும், அடுப்படியில் இருந்த என் மனைவி, “என்னங்க, சத்தம் மாறிப்போச்சே?” என்று எட்டிப் பார்த்தாள்.

நடுத் தண்டுக்கு 15 மி.மீ. உருட்டுக் கம்பி, இரண்டு கேபி002 பேரிங். எஞ்சினையும் தண்டையும் ஒரே பிளேட்டில் மாட்டினேன். அதனால் செயின் நீளம் பெல்ட்டை இழுக்கும்போது மாறாது. முதல் பிளேட் 3 மி.மீ. அலுமினியம். வெட்ட எளிது, பார்க்கவும் பளபளப்பு. பதினோராவது நாள் யூ-போல்ட் துளையிலிருந்து விரல் நீளத்துக்கு விரிசல். ஒற்றை சிலிண்டரின் அதிர்வை அலுமினியம் தாங்கவில்லை. 5 மி.மீ. இரும்புக்கு மாறினேன். ஃப்ரேமுக்கும் யூ-போல்ட்டுக்கும் நடுவே லாரி டியூபை இரண்டு மடிப்பாக வைத்தேன்.

எஞ்சின் இப்போது ஃப்ரேமின் முக்கோணத்துக்குள் வந்துவிட்டது. உருளை இல்லாததால் சுழற்சி திரும்பாது. செயினும் பெல்ட்டும் சுற்றும் திசையை மாற்றாது. எனவே கிளட்ச் இடது பக்கம் பார்க்க வேண்டும், இழுகயிறு வலது பக்கம் வரும். பெடல் செயின் வலது பக்கம் இருப்பதால் பெல்ட்டுக்கு இடது பக்கம்தான் காலியாகவும் இருந்தது. இரண்டும் ஒன்றாகப் பொருந்தியது.

பொருந்தாதது எஞ்சின் பக்கத்து 11 பல் ஸ்ப்ராக்கெட், அதாவது செயின் ஓடும் பல்சக்கரம். கிளட்ச் டிரம்முக்குள் புல்வெட்டியின் நீளத் தண்டு நுழையும் பல்வெட்டுத் துளை இருக்கிறது. அதில் எதை மாட்டுவது? வளைந்துபோன அந்தப் பழைய தண்டின் நல்ல முனையையே 95 மி.மீ.-க்கு வெட்டி எடுத்தேன். 8 மி.மீ. தடிமன். 8 மி.மீ. துளை உள்ள ஸ்ப்ராக்கெட்டை அதில் ஏற்றி, திருகாணியால் இறுக்கினேன். நூறு மீட்டருக்கு ஒருமுறை நழுவியது. அதை எடுத்துக்கொண்டு ஈப்போவுக்குப் போனேன். பட்டறைக்கார அங்கள் அரம் வைத்து ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, “பெசி கெராஸ், தா போலே” என்றார், கெட்டி இரும்பு, முடியாது என்று மலாயில். பதப்படுத்திய இரும்பு, திருகாணி முனை அதில் பதியாது. கிரைண்டரில் தட்டையாக ஒரு முகம் தேய்த்துக் கொடுத்தார். திருகாணி அந்தத் தட்டையில் உட்கார்ந்ததும் நழுவல் நின்றது. தண்டின் வெளி முனையைத் தாங்க ஒரு 608 பேரிங் வைக்கச் சொன்னதும் அவர்தான். சறுக்குப் பலகைச் சக்கரத்தில் வரும் அதே பேரிங். துளை சரியாக 8 மி.மீ. ஈயச் சுரங்கம் ஓய்ந்த பிறகும் ஈப்போவில் இப்படிப்பட்ட கைகள் இருக்கின்றன. கணினியில் தேடி எனக்குக் கிடைக்காத பதிலை அவர் விரலால் தடவிப் பார்த்துச் சொன்னார்.

பெல்ட் நீளத்தைச் சணல் கயிற்றால் அளந்தேன். அளவு குறைந்துவிட்டது என் கண்ணில் படவில்லை. ஏ77 (ஏ வகை பெல்ட், 77 அங்குலம்) வாங்கி வந்தேன், ஏறவே இல்லை. பிறகு முறையாகக் கணக்குப் போட்டதில் ஏ79-க்குப் பக்கம் வந்தது. கடையில் ஏ80-தான் இருந்தது. அது கொஞ்சம் தொளதொளத்ததால் டென்ஷன் புல்லி வைத்தேன். அந்தத் தொளதொளப்பு நன்மையாக முடிந்தது. பெரிய வளையத்துக்கும் சின்னப் புல்லிக்கும் இவ்வளவு அளவு வித்தியாசம் இருந்தால், சின்னப் புல்லியை பெல்ட் பாதிச் சுற்றுகூட அணைக்காது. எனக்கு 128 பாகை வந்தது. வழுக்கலும் சூடும் அங்கேதான் பிறக்கும். டென்ஷன் புல்லியைக் கீழ்ப் பக்க பெல்ட்டில், வெளியிலிருந்து உள்நோக்கி, சின்னப் புல்லிக்கு முடிந்தவரை அருகில் அழுத்தினால் அணைப்பு கூடும். மேல் பக்கம் இழுவிசை வாங்கும் பக்கம், அங்கே வைக்கக் கூடாது. நான் முதலில் சக்கரத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன். புல்லி அருகே நகர்த்திய அன்றுதான் சூடு அடங்கியது. விரலைச் சுட்ட அந்தக் கதைக்கு இந்தப் பத்து அங்குல நகர்த்தல்தான் முடிவு.

இன்னொரு இக்கட்டு, பெல்ட்டுக்கும் இடது செயின் ஸ்டேக்கும் நடுவே 3 மி.மீ. இடைவெளிதான் இருந்தது. குழியில் இறங்கினால் உரசும். ஸ்டேயைத் தட்டி உள்வாங்க வைப்பார்கள் சிலர். அப்பாவின் சைக்கிளில் அது நடக்காது. அச்சின் இடது பக்கம் ஒரு தடித்த வாஷர் கூட்டி 5 மி.மீ. ஆக்கினேன். பெல்ட் ஸ்டேக்கு உள்ளே ஓடுவதால் மாற்ற வேண்டுமென்றால் பின் சக்கரத்தைக் கழற்றத்தான் வேண்டும். காட்டுக்குள் அறுந்தால் மிதித்துக்கொண்டு வீட்டுக்கு வரலாம், பெடல் செயின் தனி.

மொத்தக் குறைப்பைக் கையாலேயே எண்ணிப் பார்த்தேன். சக்கரம் ஒரு சுற்று சுற்ற நடுத் தண்டு எட்டரைச் சுற்று. நான்கால் பெருக்கினால் 34. எஞ்சின் 6000 சுற்றில் மணிக்கு 23 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். 10, 12 கிலோமீட்டர் வரை மிதித்துவிட்டு முடுக்கினால் கிளட்ச் அலுங்காமல் பிடிக்கிறது. நின்ற இடத்திலிருந்து எஞ்சினாலேயே கிளப்பப் பார்த்தால் கிளட்ச் தேயும். மிதித்துக் கொடுப்பது இந்த வண்டிக்குச் செய்யும் மரியாதை என்று வைத்துக்கொண்டேன்.

தோற்றத்துக்காக ஒரு பெரிய தவறு செய்தேன். எஞ்சின்மேல் இருந்த பிளாஸ்டிக் உறை பழைய சைக்கிளோடு ஒட்டவில்லை என்று கழற்றிவிட்டேன். சிலிண்டரின் அலுமினியச் சிறகுகள் வெளியே தெரிய, பார்க்க அவ்வளவு அழகு. பத்து நிமிட ஓட்டத்தில் சூடேறி அணைந்தது. மறுபடி இழுத்தால் எழவில்லை. அந்த உறை அலங்காரத்துக்கு இல்லை. விசிறி தள்ளும் காற்றை சிலிண்டரைச் சுற்றி ஓட வைப்பதே அதுதான். மெதுவாகப் போகும் வண்டியில் எதிர்க்காற்று போதாது. உறையைத் திரும்ப மாட்டி, மங்கலான கறுப்பு வண்ணம் அடித்துவிட்டேன். டேங்க்கும் எஞ்சினோடு வந்த 0.63 லிட்டர் டேங்க்கேதான். காட்டைச் சுற்ற அது தாராளம்.

பிரேக் விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். கம்பி பிரேக்கில் ரப்பர் கட்டை ரிம்மின் உள்பக்கத்தைப் பிடிக்கும். மழையில் இரும்பு ரிம் நனைந்தால் பிடிப்பு போய்விடும். மிதிவண்டி வேகத்துக்குச் சமாளிக்கலாம், 25-க்கு முடியாது. முன் சக்கரத்துக்கு டிரம் பிரேக் ஹப் வாங்கினேன். வாங்கிய பிறகுதான் அதில் 36 துளை, பழைய ரிம்மில் 32 என்று எண்ணிப் பார்த்தேன். புது ரிம், புதுக் கம்பி, கோர்க்கும் கூலி எல்லாம் சேர்த்து 190 வெள்ளி. பழைய முன் சக்கரத்தைச் சாக்கில் சுற்றிப் பரணில் வைத்திருக்கிறேன். ஹேண்டல்பாரில் எஞ்சினை நிறுத்தும் சுவிட்சைக் கட்டைவிரலுக்கு எட்டும் இடத்தில் வைத்தேன். சங்கிலிக்கும் பெல்ட்டுக்கும் தகர மறைப்பு. கொட்டகைக்குள் என் தங்கை பிள்ளைகள் ஓடி விளையாடுவார்கள்.

மொத்தச் செலவு 799 வெள்ளி. எஞ்சின் 80, அதைச் சீர்செய்ய 58, லேத்து வேலை எல்லாம் சேர்த்து 140, செயினும் ஸ்ப்ராக்கெட்டும் 46, பேரிங்கும் தண்டும் 36, புல்லியும் இரண்டு பெல்ட்டும் 60, பெரிய வளையமும் பிடிகளும் 42, பிளேட், யூ-போல்ட் வகையறா 64, முன் சக்கரம் 190, வண்ணம் 38, தேய்ந்துபோன டயர் 45. இதில் உருளை, டயர், ஏற மறுத்த பெல்ட், வெடித்த அலுமினியம் என்று 122 வெள்ளி என் அவசரத்துக்குக் கொடுத்த விலை.

பொதுச் சாலையில் ஓட்டுவதில்லை. சாலைப் போக்குவரத்துச் சட்டம் 1987-இன் கீழ் எஞ்சின் வைத்த வண்டிக்குப் பதிவும் ரோட் டேக்ஸும் காப்புறுதியும் வேண்டும், இதற்கு எதுவும் கிடையாது. வேனில் ஏற்றித்தான் காட்டுக்குக் கொண்டுபோகிறேன். பிள்ளைகளைப் பள்ளிக்குக் கூட்டிப் போகிறவன் நான். இந்த விஷயத்தில் என்னை நானே ஏமாற்றிக்கொள்ள முடியாது.

அடுத்த முறை செய்வதாக இருந்தால் எதையும் வெட்டுவதற்கு முன் குறைப்புக் கணக்கைப் போடுவேன். சின்னப் புல்லியை 75 மி.மீ. ஆக்கி, செயினில் 54 பல் போடுவேன். மொத்தக் குறைப்பு ஏறக்குறைய இதுவேதான் வரும், ஆனால் பெல்ட் இன்னும் அகலமாக அணைக்கும், வளைவும் அதிகம் வலிக்காது. நேற்று புது ஏ79 ஒன்று வாங்கி வைத்துவிட்டேன், டென்ஷன் ஸ்பிரிங்கை இன்னும் தளர்த்தலாம் போலிருக்கிறது.

ஓடி முடித்த அன்று சாயங்காலம், அப்பா சொன்ன நிபந்தனையைச் சோதிக்கவென்றே எல்லாவற்றையும் கழற்றினேன். நாலு யூ-போல்ட், பின் சக்கரம், முடுக்கி வயர். 40 நிமிடம். ஃப்ரேமை ஈரத்துணியால் துடைத்தபோது மேல் குழாயின் அடிப்பக்கத்தில் விரலகலத்துக்கு வண்ணம் தேய்ந்து இரும்பு தெரிந்தது. டியூப் மடிப்பு போதாமல் நான்தான் தேய்த்துவிட்டேன் என்று நெஞ்சு திக்கென்றது. ஒளிக்காமல் அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார். கட்டைவிரலால் அந்த இடத்தைத் தடவினார்.

“இது நீ பண்ணுனது இல்லடா. பால் வாளி தூக்குற காண்டாக் கம்ப இங்கதான் கட்டுவேன். கயிறு தேய்ச்சது.”